ஸ்டிக்கர் மட்டும்தான் புதுசு: படகில் தீயணைப்பு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை பக்கம் படகு வைத்திருப்பவர்கள் யாராவது இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் திருநெல்வேலியில் தீயணைப்பு சிலிண்டர் ரீஃபில் செய்து வாங்கியிருந்தால், முதலில் அதைத் தராசில் வைத்து எடை பாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

எங்கள் விசைப்படகைச் சின்னமுட்டத்தில் கட்டுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில்தானே நிற்கும், எஞ்சின் வேலையோடு இதையும் முடித்துவிடலாம் என்று ஒரு கடையில் கொடுத்தோம். பழைய 4.5 கிலோ சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) சிலிண்டருக்கு ரீஃபில், ஹைட்ரோ டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தம் தாங்குமா என்று தண்ணீர் நிரப்பிப் பார்க்கும் சோதனை). கூடவே எஞ்சின் ரூம் கூரையில் தொங்கவிடும் ஆட்டோமேட்டிக் பவுடர் சிலிண்டர் புதிதாக ஒன்று. "கப்பல்ல வைக்கிறதே இதான் அண்ணாச்சி, தீப்பிடிச்சா தானா வெடிச்சு அணைச்சிரும், நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம்" என்றார் கடைக்காரர். எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் பில்.

தடை முடிந்து கடலுக்குப் போன கொஞ்ச நாளிலேயே டீசல் பைப் நட்டு ஒன்று அதிர்வில் தளர்ந்து, டீசல் புகைபோலத் தெறித்து டர்போ (எஞ்சின் புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் பாகம்) மேல் விழுந்திருக்கிறது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ள சுமார் 210 முதல் 250 டிகிரி போதும். லோடில் ஓடும் டர்போவின் புகைப்பக்கம் 400 டிகிரியைத் தாண்டும். பற்றாமல் என்ன செய்யும்? மச்சான் சிஓடூ சிலிண்டரை எடுத்து பின்னைப் பிடுங்கி அழுத்தினால் 'புஸ்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. கூரையில் தொங்கிய ஆட்டோமேட்டிக் அசையவே இல்லை. டிரைவர் எஞ்சினை நிறுத்தி, டேங்க் வால்வை அடைத்து, மூடியைப் போட்டு, காற்று வரும் துவாரங்களில் நனைந்த சாக்கைத் திணித்தார். காற்று இல்லாமல் தீ அடங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வயரிங்கும் பெல்ட்டும் போயிற்று.

கரைக்கு வந்ததும் மீன் எடை போடும் தராசிலேயே அந்தச் சிலிண்டரை வைத்தோம். காலி எடை என்று சிலிண்டரின் தோளில் (கழுத்துக்குக் கீழே வளைந்த பகுதி) அடித்திருந்த எண்ணுக்கு மேல் அரை கிலோகூட இல்லை. மச்சான் அழுத்தியது ஒரு நொடிதான், அதில் நாலு கிலோ வாயு போயிருக்க வழியே இல்லை. கேட்டால், "கேஸ்தானே அண்ணாச்சி, கொஞ்சம் லீக் ஆகத்தான் செய்யும்" என்கிறார். ஹைட்ரோ டெஸ்ட்டுக்குத் தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார், ஆனால் சிலிண்டர் தோளில் புதுத் தேதி அடிக்கவே இல்லை. டெஸ்ட் நடந்தால் உலோகத்தில் தேதி பொறிப்பார்கள். காகித ஸ்டிக்கரில் பேனாவால் எழுதினால் அது டெஸ்ட் ஆகாது.

சிஓடூ சிலிண்டருக்கு மீட்டர் கிடையாது, இந்த ஏமாற்று வேலைக்கு அதுதான் வசதி. அப்படியே மீட்டர் வைத்தாலும் அழுத்தம் வெயிலுக்குத் தகுந்தபடி ஏறி இறங்குமே தவிர, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காட்டாது. எடைதான் ஒரே வழி. காலி எடையில் ஓஸும் (குழாய்) ஹார்னும் (அதன் முனையில் உள்ள புனல்) சேர்த்தியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிரப்பிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் திரும்ப நிரப்ப வேண்டும்.

பவுடர் சிலிண்டர் கதை இதைவிட மோசம். கட்டடங்களில் கரண்டு மீட்டர் ரூமில் தொங்குமே, அதே சாமான். அடியில் இருக்கிற சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரியில் உடைய வேண்டும். இவர்கள் மாட்டியது புளோயர் காற்று நேராக அடிக்கும் மூலையில், அங்கே சூடு எப்படி ஏறும்? சரியான இடத்தில் மாட்டியிருந்தாலும் மத்தியான வெயிலில் டெக்குக்குக் கீழே எஞ்சின் ஓடும்போது 68 டிகிரி குமிழ் தீயே இல்லாமல் உடையலாம், மஞ்சள் குமிழ் என்றால் 79 டிகிரி வரை தாங்கும். பிறகு வேறு ஒருவரிடம் கொடுத்துப் பிரித்தால், பவுடர் அதிர்விலும் ஈரத்திலும் இறுகி சிமெண்டு மூட்டை மாதிரி கட்டியாகிக் கிடந்தது. மீட்டர் முள் மட்டும் பச்சையில் நிற்கிறது. அது காற்றழுத்தத்தைத்தான் காட்டும், பவுடர் உதிரியாக இருக்கிறதா என்று அதற்கு என்ன தெரியும்.

"நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம்" என்றாரே, அது சுத்தப் பொய். எஞ்சினும் புளோயரும் ஓடிக்கொண்டிருந்தால் எந்த வாயுவை அடித்தாலும் எஞ்சினே இழுத்து வெளியே தள்ளிவிடும். பவுடர் என்றால் ஏர் பில்டர் வழியாக உள்ளே போய் எஞ்சினையும் கெடுக்கும். படகுக்கென்றே செய்த எஃப்எம்-200 (தீயணைக்கும் ஒரு வகை வாயு) மாதிரி சிஸ்டத்தில் வாயு திறக்கும்போதே எஞ்சினை நிறுத்த ரிலே வைத்துக்கொள்ளலாம், வெளியிலிருந்து இழுக்கக் கேபிளும் இருக்கும். அவ்வளவு செலவு முடியாதென்றால், எஞ்சின் ரூம் மூடியில் சிலிண்டர் வாய் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு, அதற்குத் தனியாக ஒரு சின்ன மூடி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மூடியைத் திறக்காமலே அடிக்கலாம். சிஓடூ அடித்த அறைக்குள் உடனே யாரும் இறங்கக் கூடாது, மூச்சடைத்து மயங்கி விழுந்துவிடுவார்கள்.

கடைக்காரர் இலவசமாக ரீஃபில் செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்று பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிந்திருக்கிறோம். தொழிலுக்கு வாங்கிய சாமானுக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்று சிலர் சொன்னார்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காக நடத்துகிறவர்களுக்கு 2019 சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் இல்லை. பில், எடை பார்த்த போட்டோ, தோளில் உள்ள பழைய தேதியின் போட்டோ மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். அதே கடையில் கொடுத்தவர்கள் இருந்தால் உங்கள் சிலிண்டரையும் போட்டோ எடுத்து வையுங்கள், சேர்ந்தே போடலாம்.