கேமராவா, கூர்க்காவா, பூட்டா: வடசென்னைத் தெருவுக்கு எது முதலில்?

தெருவில் ஒரு பைக் காணாமல் போனால் போதும். மறுநாளே வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது "வீட்டுக்கு ஆயிரம் போட்டு கேமரா வாங்கிடலாம்" என்று ஆரம்பிப்பார். "கேமரா என்ன ஓடிப்போய் பிடிக்கவா போகுது, ஒரு கூர்க்காவைப் போடுங்க" என்பார் இன்னொருவர். வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எங்கே போனாலும் இதே பேச்சுதான். மூன்றாவதாக ஒருவர், பெரும்பாலும் வயதானவர், "முதல்ல கதவை ஒழுங்கா பூட்டுங்கப்பா" என்று ஒரு வரி போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார். என் ஓட்டு அந்தப் பெரியவருக்கு. மற்ற இரண்டும் வீண் என்று சொல்ல வரவில்லை. எந்த வேலைக்கு எது என்பதில்தான் குழப்பம்.

கேமராவை எடுத்துக்கொள்வோம். ஏ.கே. விஸ்வநாதன் சென்னை கமிஷனராக இருந்தபோது, 2017-லிருந்து 2020 வரை, 'மூன்றாவது கண்' என்று ஊரெல்லாம் கேமரா வைக்கச் சொல்லிப் பெரிய பிரசாரம் நடந்தது. செயின் பறித்தவன் போன வண்டியை ஒரு கேமராவிலிருந்து அடுத்த கேமரா என்று தொடர்ந்து போய்ப் பிடிப்பது இன்று போலீஸுக்கு வாடிக்கையான வேலை. கேமராவின் பலம் அதுதான்: நடந்த பிறகு ஆளைத் தேட உதவும். நடக்காமல் தடுக்குமா என்றால், ஓரளவுக்குத்தான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருகிறவன் கேமராவைப் பார்த்துக் கூச்சப்பட மாட்டான்.

அந்த உதவியும் வைக்கிற விதத்தைப் பொறுத்தது. பத்தடிக்கு மேலே ஏற்றி வைத்தால் தலையும் தொப்பியும்தான் பதிவாகும். இரவில் ஹெட்லைட் நேரே லென்ஸில் அடித்தால் நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பூச்சுதான் தெரியும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. டப்பா போட்டு மூடாத கனெக்டர் பச்சை பிடித்து, படம் கோடு கோடாக ஆடி, ஒரு நாள் நின்றே போகும். பைக் தொலைந்து, படம் பதிகிற பெட்டியான டிவிஆரைத் திறக்கும்போதுதான் அது தெரியவரும்.

இதற்குள்ளேயே ஒரு சின்னப் போட்டி உண்டு. தனி வீட்டுக்கு, மெமரி கார்டு போடுகிற இரண்டாயிரம் ரூபாய் சுற்று வைஃபை கேமரா தாராளம். ஆனால் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தால் திருடன் கேமராவோடு கார்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். தெருவுக்கு என்றால் டிவிஆர் செட்தான் சரி. இரண்டு மெகாபிக்சல் கேமரா நான்கு, ஒவ்வொன்றும் நொடிக்கு இரண்டு மெகாபிட் வேகத்தில் பதிந்தால், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கில் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்கும். அதற்கு மேல் பழையது அழிந்து புதியது ஏறும். விஷயம் நடந்தால் அன்றைக்கே காட்சியைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். கோர்ட்டுக்குப் போகிற காட்சிக்குச் சான்றிதழும் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 63-வது பிரிவு. போனில் திரையைப் படம் பிடித்து குரூப்பில் போட்டதை வைத்துக்கொண்டு வழக்கு நிற்காது.

ஒன்றைச் சொல்ல மறப்பார்கள். நம் சந்துகளில் எதிர்வீட்டு வாசல் ஆறடியில் இருக்கிறது. கேமரா யார் வாசலைப் பார்க்கிறது, அங்கே உட்கார்ந்து தலை வாரும் பெண்களை யார் போனில் பார்க்கிறார்கள் என்று கேள்வி கிளம்பினால், திருட்டை விட அந்தச் சண்டைதான் பெரிசாகிவிடும். தெருவின் இரண்டு முனையிலும் வைத்தால் இந்தத் தொல்லை கிடையாது. உள்ளே வந்தவன் எப்படியும் ஏதாவது ஒரு முனை வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

சரி, கூர்க்கா. மாதம் வீட்டுக்கு ஐம்பது, நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ராத்திரி விசில் ஊதிப் போகிறவரை நம்புவதில் ஒரு சிக்கல்: அவர் எந்த முனையில் இருக்கிறார் என்று நமக்குத் தெரிவது போலத் திருடனுக்கும் தெரியும். ஒருவரே ஏழெட்டுத் தெரு சுற்றுவார். ஏஜென்சி வழியாக ஒரே இடத்தில் நிற்கிற வாட்ச்மேன் வேண்டுமென்றால் மாதம் 15,000 ரூபாய்க்குக் குறையாது. லைசென்ஸ் உள்ள ஏஜென்சியா என்று பார்ப்பதும் அவசியம், தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கான 2005 சட்டப்படி அது கட்டாயம். மணலி குடோன்களுக்கும் பெரம்பூர் பக்கத்து அடுக்ககங்களுக்கும் இது பொருந்தும். ராத்திரியில் ஆள் நடமாட்டம் இல்லாத இடம், ஒரே கேட். ஆனால் பழைய வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெருவில் விடியற்காலையிலேயே அடிபம்புக்குக் குடம் வந்துவிடும். காசிமேட்டில் அதற்கும் முன்னால் மீன் ஏலத்துக்கு ஆள் கிளம்பிவிடுவார்கள். சம்பளம் இல்லாத வாட்ச்மேன்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். வடசென்னை என்றாலே ரவுடி ஏரியா என்று பேசுகிறவர்களுக்கு இது தெரியாது.

நாமே முறைபோட்டுச் சுற்றலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். கண்ணை வையுங்கள், கையை வைக்காதீர்கள். 2018 மே மாதம் பழவேற்காட்டில், குழந்தை பிடிக்க வந்தவன் என்ற வதந்தியை நம்பி ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். பொதுமக்கள் போலீஸுக்கு உதவட்டும் என்று போலீஸே 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பையும், போலீஸ் பிடித்துப்போன அப்பாவும் மகனும் இறந்த சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு 2020 ஜூலையில் அரசு தடை செய்துவிட்டது. சந்தேகம் வந்தால் 112 அடிக்க வேண்டும், அல்லது 2022-ல் வந்த 'காவல் உதவி' செயலியின் சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். அதோடு நம் வேலை முடிந்தது.

இனி அந்தப் பெரியவர் சொன்ன கதவு. பூட்டுக் கடையில் நாம் கேட்பது எத்தனை லீவர், எவ்வளவு கனம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டையே வாங்கித் தொங்கவிட்டாலும், பெரும்பாலான திருடர்கள் பூட்டைத் தொடுவதே இல்லை. பூட்டு மாட்டியிருக்கும் நாதாங்கியைத்தான் நெம்புகிறார்கள். உங்கள் வீட்டு நாதாங்கியை ஒரு முறை பாருங்கள். முக்கால் இஞ்ச் ஸ்க்ரூ நான்கு, அதில் ஒன்று ஏற்கெனவே ஆடும், நிலையின் மரம் அந்த இடத்தில் உளுத்திருக்கும். ஒரு முழக் கம்பியும் ஒரு நிமிடமும் போதும், பூட்டு பூட்டியபடியே கையோடு வந்துவிடும். ஸ்க்ரூவுக்குப் பதில் கதவைத் துளைத்து உள்பக்கம் நட்டு போட்டு முறுக்குகிற போல்ட் வையுங்கள். தச்சருக்கு அரை நாள் வேலை கூட இல்லை. முடிந்தால் கதவுக்குள்ளேயே பதிக்கிற உள்பூட்டு. வெளியே தொங்கும் பூட்டு 'வீட்டில் ஆள் இல்லை' என்று தெருவுக்கே சொல்லும், உள்பூட்டு சொல்லாது. சாவியை செருப்பு ஸ்டாண்டிலும் மீட்டர் பெட்டி மேலும் வைக்கிற பழக்கம் நமக்குத் தெரிந்ததை விடத் திருடர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கோடையில் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்துத் தூங்குகிற வீடுகளில் எந்தப் பூட்டும் உதவாது. கம்பி கேட் வைத்து அதை உள்ளிருந்து பூட்டினால் காற்றும் வரும். ஜன்னலோரம் சார்ஜ் போட்ட போனைக் குச்சியால் இழுத்துக்கொண்டு போவார்கள், உள்பக்கச் சுவரில் போடுங்கள். பைக்குக்கு ஹேண்டில் லாக் மட்டும் போதாது, காலால் ஓங்கி ஒரு உதை விட்டால் உடையும். முன் சக்கரத்துக்கு டிஸ்க் லாக், அல்லது கேட் கம்பியோடு சேர்த்து ஒரு செயின். ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை.

காசே ஆகாத இரண்டு விஷயத்துக்கு ஏனோ யாரும் அவசரப்படுவதில்லை. எரியாத தெருவிளக்கு ஒன்று. அது மாநகராட்சி வேலை, மின்வாரியம் அல்ல. 1913-க்கு அடித்து கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் புகார் பதிவாகும். இன்னொன்று, ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவது. ரோந்து போகிறவர் பூட்டிய வீட்டை ஒரு பார்வை பார்ப்பார். பால்காரரையும் பேப்பர்காரரையும் நிறுத்தாமல் போனால், வாசலில் சேரும் பாக்கெட்டுகள் வேறு யாருக்கோ சேதி சொல்லும்.

இருபது வீட்டுத் தெருவில் தலைக்கு ஆயிரம் வசூலானால் நான் இப்படிச் செய்வேன். அவரவர் நாதாங்கியை அவரவர் செலவில் மாற்றிவிட்டு வரச் சொல்வேன், அது வசூலில் சேராது. விளக்குப் புகாரை முதல் வாரத்திலேயே முடிப்பேன். பிறகு இருபதாயிரத்தில் இரண்டு முனைக்கும் கேமரா, டிவிஆருக்கு ஒரு சின்ன யூபிஎஸ். டிவிஆர் வாசல் அறையில் வேண்டாம், மாடியில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். கூர்க்கா பேச்சை அடுத்த வருஷம் எடுக்கலாம். பாஸ்வேர்டு மட்டும் இரண்டு வீட்டில் இருக்க வேண்டும். ஒரே ஆளிடம் இருந்தால், அவர் குலதெய்வம் கோயிலுக்குப் போன வாரத்தில்தான் போலீஸ் வந்து ஃபுட்டேஜ் கேட்கும்.