சோலோல கெரிஸ் வாங்கப் போன கதை

போன மாசம் இந்தோனேசியால ஜாவா போனப்ப சோலோங்கற ஊர்ல ஒரு கெரிஸ் கடைக்குப் போனேன், கடை பேரு வேணாம். கெரிஸ்னா அந்த ஊர் பாரம்பரிய குத்துவாள். நுழைஞ்சதுமே கடைக்காரர் ஒரு கத்திய நீட்டி "மஜாபஹித் காலத்துது"ன்னு ஆரம்பிச்சாரு, அதாவது ஜாவாவோட அந்த பழைய பேரரசு காலம், ஐநூறு வருஷத்துக்கு மேலயாம், சர்டிபிகேட் வேற. விரல் வச்சு தடவுனா பாமோர் கோடெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி மொழுக்குன்னு இருக்கு. பாமோர்னா இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, மடிச்சு மடிச்சு அடிக்கறப்ப வர்ற கோலம், கைக்கு லேசாவாவது தட்டுப்படும், இது சும்மா ஆசிட்ல வரைஞ்சது. வளைவ எண்ணுனேன், 8! லுக்னு சொல்ற இந்த வளைவு ஒத்தப்படைலதாங்க வரணும், சிரிப்ப அடக்க முடியல. (வளைவே இல்லாத நேர் கெரிஸும் உண்டு, அது வேற.)

நான் சிரிச்சத பாத்துட்டு உள்ள இருந்து இன்னொன்னு கொண்டாந்தாரு, "இது புதுசு, எம்பு அடிச்சது"ன்னு நேராவே சொன்னாரு, எம்புன்னா கெரிஸ் செய்யற கொல்லர். 1945 இந்தோனேசிய சுதந்திரத்துக்கு அப்புறம் செஞ்சத கமார்திகான்னு தனியாவே சொல்றாங்க, அது போலி இல்ல, பழசுன்னு பொய் சொல்லி வித்தாதான் போலி. யுனெஸ்கோ 2005ல கெரிஸ கௌரவிச்சதே அந்த கைவேலையும் அத சுத்தி இருக்கற மரபும் உயிரோட இருக்கறதாலதான்.

ரெண்டாவதத்தான் வாங்குனேன். கத்தி, மர உறை, பிடி எல்லாம் பக்கா, விலை மட்டும் கொஞ்சம் வலிச்சுது. எலுமிச்சையும் வாரங்கானும் போட்டு கழுவணும்னாரு, வாரங்கான்னா ஆர்சனிக்ங்க, வீட்ல ட்ரை பண்ணாதீங்க. கத்திக்கு 4 ஸ்டார், அந்த சர்டிபிகேட்டுக்கு ஜீரோ.