எடிர்னே போனால் இந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கு அரை நாள் ஒதுக்குங்கள்

இஸ்தான்புல் போகிற நம்மவர்கள் அதே துருக்கியில் இருக்கிற எடிர்னே நகரம் பக்கம் வருவதே குறைவு. வந்தாலும் செலிமியே பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு, அந்த ஊர் பொரித்த ஈரலையும் ஒரு கை பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். செலிமியே, ஒட்டோமான் காலத்துக் கட்டடக் கலைஞர் மிமார் சினானின் உச்சம், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் துன்ஜா ஆற்றைத் தாண்டினால் இருக்கிற, அந்தப் பழைய ஆஸ்பத்திரி அடங்கிய இரண்டாம் பயஸீத் வளாகம் அதைவிட நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக மூத்தது, என்னைக் கேட்டால் மனசில் அதிகம் தங்குவதும் அதுதான்.

1484-ல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் பயஸீத் மால்டேவியா படையெடுப்புக்குப் போகும் வழியில் அடிக்கல் நாட்டி, 1488-ல் கட்டி முடித்தார்கள். பள்ளிவாசல், மருத்துவமனை, மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் மத்ரஸா, வந்தவர்களுக்குச் சோறு போட்ட இமாரெத், ரொட்டி சுடும் இடம், குளியல் கூடம், ஆற்றின் மேல் பாலம் என்று ஒரு சின்ன ஊரையே சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். செலவெல்லாம் வக்ஃபு வருமானத்திலிருந்து, நோயாளிக்குச் சிகிச்சை இலவசம்.

மருத்துவமனையில் முதல் இரண்டு முற்றங்களை வேகமாகக் கடந்து போய்விடலாம், ஒன்றும் குறைந்துவிடாது. விஷயம் கடைசியில் இருக்கிற அறுகோணக் கட்டடத்தில் இருக்கிறது. நடுவில் பெரிய குவிமாடம், அதன் உச்சியிலிருந்து இறங்குகிற வெளிச்சம், நேர் கீழே நீரூற்று, அதைச் சுற்றிக் குளிர்காலத்துக்கு மூடிய சின்ன அறைகள், கோடைக்கு முன்பக்கம் திறந்த அறைகள். நடுக்கூடத்தில் நின்றால் ஏறக்குறைய எல்லா அறை வாசலும் கண்ணில் படுகிறது, அதாவது கொஞ்சம் ஆட்களை வைத்தே எல்லா நோயாளிகளையும் கவனித்துக்கொள்ள முடியும். 15-ஆம் நூற்றாண்டில் இப்படி யோசித்து வரைந்திருக்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே பிரமிப்பாக இருந்தது.

வாசலுக்கு எதிரே இருக்கிற மேடை வாத்தியக்காரர்களுக்கானது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பயணி எவ்லியா செலெபி, பாடகர்களும் வாத்தியக்காரர்களுமாகப் பத்துப் பேர் வாரத்துக்கு மூன்று தடவை நோயாளிகளுக்காக வாசித்ததாக எழுதியிருக்கிறார். நே என்கிற புல்லாங்குழல், சந்தூர், ஊத் எல்லாம் அதில் உண்டு. நமக்கு ராகம் மாதிரி அவர்களுக்கு மகாம், எந்த மகாம் மனசுக்கு நல்லது என்றும் குறித்திருக்கிறார். மல்லிகை, ரோஜா, துலிப் என்று பூக்களைக் கொடுத்து அந்த வாசனையிலும் ஆறுதல் தேடியிருக்கிறார்கள். அதற்காக எல்லாமே இதமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள், சங்கிலியால் கட்டப்பட்டவர்களைப் பற்றியும் அவரே சொல்கிறார். ஆனாலும் மனநோயாளியைத் துரத்தாமல், அடைத்து மறக்காமல், அவன் காதுக்கும் மூக்குக்கும் கூட ஏதாவது செய்யலாம் என்று நினைத்த ஒரு இடம் இது. சிகிச்சையை மருந்தோடு நிறுத்தாமல் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இதைப் படத்தில் பார்த்தால் போதாது, அந்தக் குவிமாடத்தின் கீழே நிற்கவேண்டும் என்கிறேன்.

இப்போது இதை திராக்யா பல்கலைக்கழகம் சுகாதார அருங்காட்சியகமாக நடத்துகிறது. 2004-ல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியக விருதும் கிடைத்தது. அறைகளில் ஆளுயரப் பொம்மைகளை நோயாளிகளாகவும் வைத்தியர்களாகவும் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் அவர்களுக்குச் சட்டென்று புரியும், அந்த வகையில் சரி. எனக்கென்னவோ வெற்று அறையாக விட்டிருந்தால் இன்னும் ஆழமாகப் பேசியிருக்கும் என்று தோன்றியது. மத்ரஸா பகுதியையும் விடாதீர்கள், மாணவர்கள் தங்கிப் படித்த அறைகள் முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கின்றன, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே படிப்பு.

அப்புறம் பள்ளிவாசல். சினான் காலத்து விரிவெல்லாம் இதில் இல்லை. நான்கு சுவர், அதன் மேல் 20 மீட்டருக்கு மேல் அகலமான ஒரே குவிமாடம், உள்ளே ஒரு தூண்கூடக் குறுக்கே வராது. அந்த எளிமைதான் எனக்குப் பிடித்தது. சுல்தான் தொழுவதற்காகப் பளிங்குத் தூண்கள் மேல் கட்டிய மாடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் இருக்கிற பகுதிகள், பயணிகள் தங்குவதற்காகக் கட்டியவை, ஒவ்வொன்றின் மேலும் ஒன்பது சிறு குவிமாடங்கள்.

போகிறவர்களுக்கு: இஸ்தான்புல்லிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மூன்று மணி நேரம். எடிர்னே நகர நடுவிலிருந்து இது கொஞ்சம் தள்ளி இருக்கிறது, கால் ஒத்துழைத்தால் நடந்தே போங்கள், பழைய பாலத்தில் ஆற்றைக் கடக்கும்போது இத்தனை குவிமாடங்களும் ஒன்றாகத் தெரியும், டாக்ஸியில் போனால் அது கிடைக்காது. அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு, பள்ளிவாசலுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள், பெண்கள் தலைக்கு ஒரு துணி கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவம், நர்சிங், கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் செலிமியேவுக்கு முன்னால் காலையிலேயே இங்கே கூட்டிவாருங்கள், கூட்டம் சேர்வதற்குள் அந்த நடுக்கூடத்தில் நிதானமாக உட்கார இடம் கிடைக்கும்.