புகைக்கூண்டு விரிசலுக்கு 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை: நீங்களாவது உஷாராக இருங்கள்

கல்லிடைக்குறிச்சியில் வீட்டோடு முறுக்கு, அதிரசம் போட்டு விற்கிறோம். விறகடுப்புதான். மாமனார் காலத்துச் செங்கல் புகைக்கூண்டு, சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. போன ஐப்பசி மழையில் ஓட்டுக்கு மேலே விரிசல் விட்டது. அதைச் சரிசெய்யக் கொடுத்த 18,500 ரூபாயைத்தான் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். கோபம் ஆறவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

சீட்டு எடுத்த பணம் அது. மேல்பாதியை இடித்துக் கட்ட உள்ளூரில் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் "அனுபவமுள்ள கொத்தனார், ஓராண்டு உத்தரவாதம்" என்று போட்டிருந்தது. வந்தவர் பேச்சு அவ்வளவு பதவிசு. ஏணி வைத்து ஏறினார், கரண்டிக் காம்பால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டார், செல் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தார். இறங்கி வந்து, "அக்கா, இது பழைய சுண்ணாம்புக் கட்டு. சிமெண்ட மட்டும் வச்சா பிடிக்காது. சுண்ணாம்பு கலந்துதான் பூசணும். நான் பாத்துக்கிடுதேன்லா" என்றார். இவ்வளவு விவரம் பேசுகிற ஆளை யார்தான் நம்பமாட்டார்கள்? அத்தை கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். செயலி வழியாக முன்பணம் 12,000, முடிந்ததும் 6,500 கட்டினோம்.

பூசி, மேலே வெள்ளையும் அடித்துவிட்டுப் போனார். பார்க்கப் புதுசாக இருந்தது. அடுப்பு பற்றவைத்த அன்றே பூச்சு அப்பளம்போல் உப்பியது, அப்புறம் பாளமாகப் பெயர்ந்து ஓட்டில் விழுந்தது. அடுப்படி முழுக்கப் புகை. "ஏட்டி, கண்ணத் தொறக்க முடியலட்டி" என்று அத்தை வெளியே ஓடிவந்துவிட்டார்கள்.

அம்பையிலிருந்து (அம்பாசமுத்திரம்) வயதான கொத்தனார் ஒருவரை அழைத்துவந்து காட்டினோம். விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பழைய சாந்துப் பொடி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கல்லிடுக்கைச் சுரண்டவே இல்லை, உதிர்கிற சாந்தின்மேல் வெறும் சிமெண்டை அப்பியிருக்கிறான். சுண்ணாம்பு என்று அவன் சேர்த்தது மேலே அடித்த அந்த வெள்ளை மட்டும்தான். சூட்டில் செங்கல் விரியும், சுண்ணாம்புச் சாந்து அதற்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கெட்டிச் சிமெண்ட் பிளந்துகொள்ளும் என்றார் பெரியவர். உச்சியில் மழைத்தண்ணீர் இறங்காமல் தடுக்கும் மூடியும் வெடித்துக் கிடக்கிறது. அதைத் தொடவே இல்லை.

கூப்பிட்டால், "பஸ்ல இருக்கேன்க்கா, எறங்கிக் கூப்பிடுதேன்." அதோடு சரி, பிறகு எடுக்கவே இல்லை. செயலியின் வாடிக்கையாளர் எண்ணில், "வெப்பத்தால் வரும் விரிசலுக்கு உத்தரவாதம் கிடையாது மேடம்" என்கிறார்கள். புகைக்கூண்டுக்கு வெப்பம் வராமல் வேறென்ன வரும்? மறுபடி கேட்டால், "அவர் எங்கள் ஊழியர் இல்லை, அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்." அப்படியானால் 18,500 ரூபாயை நீங்கள் ஏன் வாங்கினீர்கள்? பதில் இல்லை. புகார் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. கூடவே, எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று ஒரு கேள்வி. வயிறு எரிகிறது.

குறைந்த செலவில் இதை எப்படிச் செய்வது என்று விரிவாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. இதையாவது வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு, மணலை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கல்லிடுக்கை முக்கால் அங்குலமாவது சுரண்டி, நனைத்து, அப்புறம்தான் சாந்து வைக்க வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள். ஈரச்சாக்கு போட்டு ஆறவிடுங்கள், நன்றாகக் காயும்வரை பெருந்தீ வேண்டாம். விரிசல் உள்வரை போயிருந்தால் அடுப்பே பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும், அதற்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். தீ மூட்டிப் பார்க்காமல் முழுப்பணமும் கொடுக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை. 18,500 ரூபாயை விடுவதாக இல்லை.

அந்தப் பெரியவருக்கு ஏணி ஏற முடியாது. தீபாவளி ஆர்டர் கையில் இருக்கிறது. அம்பை, சேரன்மகாதேவி பக்கம் சுண்ணாம்புச் சாந்து வேலை தெரிந்த கொத்தனார் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.