புறக்கோட்டைத் துணிக்கடைக்கு எடுத்த பில் மென்பொருள்: 5க்கு 2

பிரதான வீதிப் பக்கம் எங்கள் கடைக்கு இதைப் போட்டு இரண்டு வருசத்துக்கு மேல். நல்லதை முதலில் சொல்கிறேன். 2024 ஜனவரி 1இல் இலங்கையில் வற் வரி (VAT) 15 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது, கடை திறக்க முன்னரே மென்பொருள் கம்பனிக்காரர் மாற்றித் தந்துவிட்டார்கள், ஏனென்றால் நிரலில் வரி வீதம் ஒரே இடத்தில்தான் இருந்தது.

கோபம் வேறொன்றில். பழகிப் பார்த்த முதல் நாளே காசாளர் தங்கச்சி காட்டினாள்: இரண்டரை மீற்றர் துணி திரும்பி வந்தால் இருப்பில் 2 மீற்றர்தான் ஏறுகிறது. "அதைப் பிறகு பார்ப்போம் அண்ணா" என்றார் கம்பனியிலிருந்து வந்த, நிரலை எழுதிய தம்பி. அன்றைக்கு அரை மணி நேர வேலை. எட்டு மாதம் கழித்து இருப்பு எண்ணும்போது ஒரு ரோலும் கணக்கோடு ஒத்துவரவில்லை, அதற்குள் அந்தப் பிழையான எண்ணை நம்பித்தான் கொள்முதல் பட்டியல், மாத அறிக்கை எல்லாம் ஓடியிருந்தது, எழுதிய தம்பியும் வேலையை விட்டுப் போய்விட்டார். நிரலைத் திருத்தினால் மட்டும் போதாது, பழைய ரிட்டர்ன் பில் ஒவ்வொன்றையும் கையால் சரிபார்க்க வேண்டும். எங்கள் பையன்கள் மூன்று ஞாயிறு இருந்தார்கள். அதற்கும் கம்பனி எங்களிடமே காசு கேட்டது சரியே இல்லை.

இது புதுக்கதையும் இல்லை. பெரிய மென்பொருள் திட்டங்களில் ஒரு பிழையைத் தொடக்கத்திலேயே திருத்துவதைவிட, பாவனைக்கு வந்தபின் திருத்தும் செலவு 100 மடங்குவரை போகலாம், சிறியவற்றில் 4 மடங்கு அளவில் என்று அமெரிக்க மென்பொருள் பொறியியலாளர் பாரி போம் 1981இலேயே எழுதிவிட்டார்.

வாங்குபவர்கள் ரிட்டர்ன் பில்லை அரை மீற்றரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.