பெட்டியில் 4800, வேலைக்கு 600: என் ஸ்கேனர் அனுபவம்

பழைய குடும்பப் படங்களுக்காகவே வாங்கிய பிளாட்பெட் ஸ்கேனர் இது. பினாங்கில் என் வீட்டு மேசையில் பல வருடங்களாக உழைக்கிறது. பெட்டியில் 4800 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 4800 புள்ளி, என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த எண்ணுக்கு இதுவரை வேலை வரவில்லை.

தெரிந்தவர்கள் கொண்டுவருவதில் பாதிக்கு மேல் நினைவு நாள் படங்கள். தாத்தாவுக்கு இருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் படம். அதை ஏ4 அளவில் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்பார்கள். 35க்கு 50 மில்லிமீட்டர் படத்தை 300 டிபிஐயில் எடுத்தால் 413க்கு 591 பிக்சல்தான் தேறும். ஏ4 தாளில் பரப்பினால் அங்குலத்துக்கு வெறும் 50 பிக்சல், முகம் கலங்கிவிடும். 1200இல் எடுத்தால் அங்குலத்துக்கு 200 கிடைக்கும். சுவரில் பார்க்க அது போதும். அதற்கு மேல் ஏற்றினால் தாளின் சொரசொரப்புதான் துல்லியமாக விழுகிறது, தாத்தா அப்படியேதான் இருக்கிறார்.

6க்கு 4 அங்குலப் படங்களுக்கு 600 வைக்கிறேன். 3600க்கு 2400 பிக்சல் வரும். 12க்கு 8 அங்குலத்தில் 300 டிபிஐக்கே அச்சடிக்கலாம். முழு ஏ4 பக்கத்தை 1200இல் எடுப்பது வீண் வேலை. சுருக்காமல் சேமித்தால் ஒரு கோப்பே 400 எம்பியைத் தாண்டும், கணினி திணறும்.

2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் நறுக்குகளும் வருவதுண்டு. பத்திரிகைப் படம் புள்ளிகளால் ஆனது என்பதால் ஸ்கேனில் அலை அலையாகக் கோடுகள் விழும். மென்பொருளில் டீஸ்கிரீன் என்ற, அந்தக் கோடுகளை நீக்கும் வசதியை இயக்கினால் அடங்கும், கூர்மை கொஞ்சம் குறையும்.

திரையில் காட்டத்தான் என்றால் டிபிஐயை மறந்துவிடலாம். “72க்கு மாத்திக் கொடுங்கண்ணே” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1920க்கு 1080 பிக்சல் படம், உள்ளே 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் டிவியில் ஒரே மாதிரிதான் தெரியும். அப்புறம், இவ்வளவு பார்த்து எடுத்ததைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும். நான் கோப்பாகத்தான் அனுப்புகிறேன்.

குறை என்றால், ஈரக்காற்றில் கண்ணாடியின் உட்புறம் மங்குகிறது. உருவமும் பெரிது, மேசையை அடைத்துக்கொள்கிறது. ஆனாலும் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் உணரி இருக்கும் மெலிந்த சிஐஎஸ் வகைக்கு மாற மாட்டேன். வளைந்து சுருண்ட படங்களில் கண்ணாடியைத் தொடாத பகுதி அதில் மங்கிவிடும். என்னுடையது லென்ஸ் வழியாகப் பார்க்கும் சிசிடி வகை, அதையும் தெளிவாக எடுக்கிறது. பழைய ஆல்பங்களிலிருந்து உரித்தெடுக்கும் படம் எது நேராக இருக்கிறது?