“ஸ்டேஜ் 2” என்று வரும் பெட்டி: 944 டர்போ வைத்திருப்பவர்கள் பூட்டும் முன் பாருங்கள்

போர்ஷே 944 டர்போவுக்கு “ஸ்டேஜ் 2, வீட்டிலேயே பூட்டலாம், 310 குதிரைத்திறன் உறுதி” என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு தொகுப்பைப் பிரித்து அளந்து பார்த்ததில் தெரியவந்தவை இவை. உள்ளே இருந்தவை: சீரமைத்தது என்று சொல்லப்பட்ட கே26 டர்போ, இன்ஜின் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் நாக் கன்ட்ரோல் பெட்டிக்கு (கலவை நேரம் தப்பி வெடிக்கும் நாக்கிங்கைக் கட்டுப்படுத்துவது) ஒன்றுமாக இரண்டு சிப், 3 பார் ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர், கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலர் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்டை, மாற்றுவது), ஒரு டைனோ தாள் (பவரை அளக்கும் மெஷின் தரும் வரைபடம்). இதைப் பூட்டி முழு த்ராட்டிலில் ஓட்டிய இன்ஜினில் ஹெட் கேஸ்கட்டில் சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக வளையமான ஃபயர் ரிங் எரிந்துபோனது. ஒரு பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள பகுதியான ரிங் லேண்ட் உடைந்தது. விற்றவரின் பெயரை எழுதவில்லை. இதே பெட்டி நாளை வேறு பெயரில் வரும். பெட்டியை அடையாளம் காணத் தெரிந்திருப்பதுதான் உதவும்.

டைனோ தாளிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதைச் சோதிக்கக் கால்குலேட்டர் போதும், ஸ்பானர் தேவையில்லை. பவரும் டார்க்கும் தனித்தனி எண்கள் அல்ல. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன் வந்துவிடும். தாளில் 5,800 ஆர்பிஎம்மில் 310 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதே தாளின் டார்க் கோடு 5,800இல் 300 நியூட்டன் மீட்டரில் நின்றது. கணக்குப் போட்டால் 248தான் வருகிறது. 310 வேண்டுமானால் அந்த இடத்தில் டார்க் 375 இருந்திருக்க வேண்டும். வேறு ஏதோ வண்டியின் வரைபடத்தில் எண்ணை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஒப்பிட வசதியாக: 220 குதிரைத்திறன் கொண்ட ஒரிஜினல் வண்டிக்குத் தொழிற்சாலை கொடுத்த எண்கள் 5,800இல் 220, 3,500இல் 330 நியூட்டன் மீட்டர்.

தாள் கணக்கில் தேறினாலும் அதோடு நம்பிவிட வேண்டாம். பூஸ்ட், காற்று-எரிபொருள் விகிதம், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை மூன்றும் அதே ஓட்டத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். டைனோவின் வெப்பநிலை சென்சாரைச் சூடான இன்ஜின் பக்கம் தொங்கவிட்டால் கரெக்‌ஷன் ஃபேக்டர் தானாக ஏறும், தாளில் பவரும் ஏறும். இது பழைய வித்தை.

அடுத்து டர்போ. 944 டர்போவில் கேகேகே நிறுவனத்தின் கே26 வரும். சாதாரண மாடலில் 6ஆம் எண் டர்பைன் ஹவுசிங், 250 குதிரைத்திறன் டர்போ எஸ்ஸில் 8ஆம் எண். அந்த எண் ஹவுசிங்கின் வார்ப்பிலேயே இருக்கும். இந்த டர்போவை 8ஆம் எண் என்று விற்றார்கள். எண் இருக்க வேண்டிய இடம் கிரைண்டரால் தேய்க்கப்பட்டிருந்தது. அங்கேயே பெட்டியை மூடித் திருப்பி அனுப்பலாம். “பெரிய கம்ப்ரஸர் வீல்” என்றதும் பொய். வெர்னியர் காலிப்பரால் வீலின் காற்று நுழையும் பக்க விட்டத்தையும் பின்பக்க விட்டத்தையும் அளந்தால் இரண்டும் வண்டியில் ஏற்கனவே இருந்த வீலின் அளவுதான்.

பேலன்ஸ் செய்த காட்ரிட்ஜில் (ஷாஃப்ட், வீல்கள், பேரிங் சேர்ந்த டர்போவின் நடுப்பகுதி) அதன் அடையாளம் தெரியும்: கம்ப்ரஸர் வீலின் நட்டிலோ வீலின் முதுகிலோ கொஞ்சம் உலோகம் சீவப்பட்டிருக்கும். இதில் எங்கும் சீவிய தடமே இல்லை. லட்சம் ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுழலும் பொருளை பேலன்ஸ் செய்யாமல் அனுப்புவது அலட்சியம் என்றுகூடச் சொல்ல முடியாது. சீரமைத்தவரிடம் காட்ரிட்ஜின் சீரியல் எண் போட்ட பேலன்ஸ் அறிக்கை கேளுங்கள். “மெஷின் பார்த்துக்கொள்ளும், பேப்பர் தரமாட்டோம்” என்றால் மெஷினே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஷாஃப்டின் ஆட்டத்தைப் பார்க்கும்போது பலர் தவறான திசையில் ஆட்டிப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஜர்னல் பேரிங் டர்போவில் எண்ணெய் இல்லாமல் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். வீல் ஹவுசிங்கைத் தொடாத வரை சரி. முன்னும் பின்னும் தள்ளி இழுத்துப் பார்க்கும் ஆட்டம்தான் முக்கியம். டயல் கேஜின் முனையை ஷாஃப்ட் நுனியில் வைத்து அளந்தால் நல்ல காட்ரிட்ஜில் 0.1 மி.மீ.க்குள் இருக்கும். கையாலேயே உணர முடிந்தால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்தது, அல்லது மட்டமானது. இந்த டர்போவில் கையாலேயே தெரிந்தது.

புகார் சொன்னதும் வந்த முதல் பதில், “ஆயில் லைனை நீங்கள் தப்பாகப் பூட்டியிருக்கிறீர்கள்.” இந்தப் பதிலுக்கு முன்கூட்டியே தயாராக இருங்கள், ஏனென்றால் அது சில நேரம் உண்மையாகவும் இருக்கும். டர்போவின் ஆயில் சீல் ரப்பர் உதடு கொண்டதல்ல. பிஸ்டன் ரிங் போன்ற ஒரு உலோக வளையம். எண்ணெய் தன் எடையாலேயே கீழே இறங்கிப் போனால்தான் அது தாங்கும். திரும்பும் குழாய் நெளிந்திருந்தாலோ, உள்விட்டம் சுமார் 13 மி.மீ.க்குக் குறைந்தாலோ, கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறினாலோ புத்தம் புது டர்போவும் புகை விடும். எண்ணெய் வரும் ஃபிளாஞ்சில் சிலிக்கான் பசை போடவே கூடாது. பிதுங்கிய துணுக்கு ஒன்று துளையை அடைத்தால் பேரிங் போய்விடும், வாரண்டியும் அதோடு போகும். பூட்டும்போது காட்ரிட்ஜுக்குள் எண்ணெய் ஊற்றி, கையால் சுற்றி, இன்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாமல் ஆயில் பிரஷர் வரும்வரை கிராங்க் செய்யுங்கள். ஒவ்வொரு படியையும் படம் எடுத்து வைத்தால் அந்த முதல் பதிலுக்கு அவர்களிடம் இடம் இருக்காது.

இன்ஜினைக் கொன்றது ஆனால் டர்போ அல்ல. ரெகுலேட்டரும் சிப்பும் சேர்ந்து செய்த வேலை அது.

ஒரிஜினல் எரிபொருள் அழுத்தம் 2.5 பார். சிப்போடு 3 பார் ரெகுலேட்டர் போடுவது இந்த வண்டியில் வழக்கமான முறைதான், அதில் தவறில்லை. இன்ஜெக்டரின் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும் என்பதால் 2.5இலிருந்து 3க்குப் போனால் சுமார் 9.5% அதிகப் பெட்ரோல் போகும். சிப்பில் அந்த 9.5%ஐ முன்கூட்டியே கழித்து இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் குறைத்து எழுதியிருப்பார்கள். பெட்டியில் வந்த ரெகுலேட்டரின் ஸ்டிக்கர் 3.0 என்றது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலில் கேஜ் மாட்டி, வேக்யூம் ஹோஸைக் கழற்றி, பம்பை மட்டும் ஓடவிட்டால் 2.5. பழைய ரெகுலேட்டரில் புது ஸ்டிக்கர்.

அதன் விளைவை எண்ணில் பாருங்கள். முழு பூஸ்டில் காற்று-எரிபொருள் விகிதம் 11.8 என்று நினைத்து எழுதிய கலவை 12.9க்குப் போகிறது, அதாவது பெட்ரோல் குறைந்து மெலிகிறது. மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது; ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டிகளில் பாதி த்ராட்டிலில் கம்ப்யூட்டர் குறையைத் தானே சரிசெய்துகொள்ளும். முழு த்ராட்டிலில் அந்தச் சென்சாரை அது கேட்பதில்லை, சிப்பில் எழுதியதை அப்படியே செய்யும். வண்டி “சூப்பராக” ஓடுகிறது என்று எழுதும் விமர்சனங்களில் பாதி இப்படி மெதுவாக ஓட்டிப் பார்த்து எழுதியவையாகத்தான் இருக்கும்.

ரெகுலேட்டர் இன்டேக் மேனிஃபோல்டோடு இணைந்தது என்பதால் பூஸ்ட் ஏறும் அளவுக்கு எரிபொருள் அழுத்தமும் ஏற வேண்டும்: 3 பார் ரெகுலேட்டரில் 1 பார் பூஸ்ட் என்றால் ரெயிலில் 4 பார். ஏறாமல் நின்றால் பம்பு களைத்துவிட்டது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. இன்ஜெக்டர் போதுமா என்பதற்கும் ஒரு கணக்கு. டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் எரிக்கும் என்று வைத்தால் 300 குதிரைத்திறனுக்கு நான்கு இன்ஜெக்டரில் ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 460 மி.லி. கொடுக்க வேண்டும். 85% நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்றால் 540 மி.லி. இன்ஜெக்டர் தேவை. பெட்டியில் இன்ஜெக்டரே இல்லை. 310 குதிரைத்திறன் எந்தப் பெட்ரோலில் வரும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

இனி நாக்கிங். 944 டர்போவில் கேஎல்ஆர் என்று தனியாக ஒரு பெட்டி உண்டு. நாக் சென்சார் சத்தம் கேட்டதும் அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளும். அதுவும் போதாவிட்டால் சைக்ளிங் வால்வ் வழியாக பூஸ்டைக் குறைக்கும். 1980களின் வண்டிக்கு இது அருமையான பாதுகாப்பு. கையால் திருகும் கன்ட்ரோலரைப் போட்டதும் சைக்ளிங் வால்வ் ஓரங்கட்டப்படுகிறது, பூஸ்டைக் குறைக்கும் வழி மூடிவிடுகிறது. மீதமிருப்பது டைமிங்கைப் பின்தள்ளுவது ஒன்றுதான். இந்தத் தொகுப்பு அதையும் விடவில்லை. ஈபிராம் (நினைவகச் சிப்) ரீடரில் கேஎல்ஆர் சிப்பைப் படித்து ஒரிஜினலோடு பைட் பைட்டாக ஒப்பிட்டால், பூஸ்ட் எல்லை மீறினால் இன்ஜினை அடக்கும் ஓவர்பூஸ்ட் கட் நீக்கப்பட்டிருந்தது. நாக் உணர்திறன் அட்டவணை முழுவதும் ஒரே எண்ணால் நிரப்பப்பட்டிருந்தது. போதாததற்கு, பூட்டும் வழிமுறைத் தாளில் நாக் சென்சாருக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர் போடச் சொல்லி எழுதியிருந்தார்கள். போஷ் நாக் சென்சாரை வாஷர் இல்லாமல், சுத்தமான உலோகப் பரப்பில் நேரடியாக வைத்து, 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். இடையில் வாஷர் வைப்பது காவல்காரன் காதில் பஞ்சு அடைப்பதற்குச் சமம். வண்டி டைமிங்கை இழக்காமல் இழுக்கும். உள்ளே பிஸ்டன் அடிவாங்குவது யாருக்கும் கேட்காது.

சிப்பில் இன்னொன்றும் கவனியுங்கள். மேலே கண்ணாடி ஜன்னல் உள்ள ஈபிராம் என்றால் ஒளி புகாத ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் புற ஊதா ஒளியில் எழுதியது மெல்ல அழியும்.

“1.1 பார் வரை திருகுங்கள்” என்கிறது அதே தாள். டாஷ்போர்டில் உள்ள கேஜ் முழு அழுத்தத்தைக் காட்டுவது, இன்ஜின் நிற்கும்போதே 1இல் இருக்கும். வெளியில் வாங்கி மாட்டும் கேஜ் 0இல் தொடங்கும். எந்தக் கேஜில் 1.1 என்று தாளில் இல்லை. ஒரிஜினல் பூஸ்ட் 0.75 பார். வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ், கம்ப்ரஸர் செயல்திறன் 70% என்று வைத்தால் 0.75 பாரில் கம்ப்ரஸரை விட்டு வரும் காற்று சுமார் 105 டிகிரி. அதே சிறிய வீலை 1.1 பாருக்கு விரட்டி, செயல்திறன் 60%க்கு இறங்கினால் ஏறக்குறைய 150 டிகிரி. இன்டர்கூலர் ஒரிஜினல்தான். மெலிந்த கலவை, சூடான காற்று, செவிடாக்கப்பட்ட சென்சார் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் ரிங் லேண்ட் உடைவதில் ஆச்சரியம் இல்லை.

இது 944க்கு மட்டும் உரிய தொல்லை அல்ல. நிசானின் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆரில் ஒரிஜினல் டர்பைன் வீல் செராமிக். பூஸ்டை ஏற்றினால் சிதறும் என்பதால் “ஸ்டீல் வீல் டர்போ” என்று சொல்லி விற்கிறார்கள். காந்தம் வைத்துப் பாருங்கள் என்று அவர்களே சோதனையும் சொல்லித்தருவார்கள். நல்ல டர்பைன் வீல்களுக்குப் பயன்படும் இன்கோனலும் காந்தத்தில் ஒட்டாது, செராமிக்கும் ஒட்டாது. அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது.

இன்ஜின் போன பிறகு இரண்டாவது வலை விரித்தார்கள்: “போரை ஹோன் செய்து புது ரிங் போட்டுத் தருகிறோம்.” 944இன் பிளாக் அலுசில், அதாவது சிலிக்கான் கலந்த அலுமினியம், தனி லைனர் கிடையாது. பரப்பில் சிலிக்கான் துகள்கள் துருத்தி நிற்க வேண்டும், பிஸ்டன் பக்கவாட்டில் இரும்புப் பூச்சு இருக்க வேண்டும். சாதாரண ஹோனிங் கல்லால் உரசினால் துகள்கள் உடைந்து உதிரும், அலுமினியம் பூசிக்கொள்ளும், போர் முடிந்தது. அலுசில் லேப்பிங் செய்த அனுபவம் உள்ள இடத்துக்கு மட்டும் கொண்டுபோங்கள். “எல்லா பிளாக்கும் ஒன்றுதான்” என்று சொல்பவரிடம் விட்டுவிடாதீர்கள்.

ஏற்கனவே பூட்டிவிட்டவர்கள் முதலில் பழைய கேஎல்ஆர் சிப்பையும் சைக்ளிங் வால்வையும் திரும்பப் போடுங்கள், நாக் சென்சார் வாஷரைத் தூக்கி எறியுங்கள். ரெயில் அழுத்தத்தை அளந்த பிறகே அடுத்த வேலை. காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரை டர்போவுக்குப் பின்னால் மாட்டுங்கள். முன்னால் மாட்டினால் எக்ஸாஸ்ட் அழுத்தத்தால் அளவு பிறழும். ஒரிஜினல் பூஸ்டிலேயே மூன்றாம் கியரில் ஒருமுறை இழுத்துப் பதிவு செய்யுங்கள், 0.5 பாருக்கு மேல் விகிதம் 12.5ஐத் தாண்டினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். பிறகு லீக்டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பது. ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக அதிகம் கசிந்து, காற்று ஆயில் ஃபில்லர் வழியாக வந்தால் ரிங் பக்கம். கூலன்ட் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

பழைய டர்போவை “கோர் எக்ஸ்சேஞ்ச்” (புதியதுக்கு மாற்றாகப் பழையதைக் கொடுப்பது) என்று சொல்லி உடனே கேட்பார்கள், அதுவும் பெட்டி வந்த கையோடு. உண்மையான கேகேகே ஹவுசிங்கும் ஷாஃப்டும் இன்று எளிதில் கிடைப்பதில்லை. நகலைக் கொடுத்து அசலை வாங்கிக்கொள்வதிலும் அவர்களுக்கு நல்ல லாபம் இருக்கிறது. பழைய டர்போவின் பெயர்த் தட்டில் உள்ள எண், ஹவுசிங் வார்ப்பு எண், வீலின் இரண்டு விட்டங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். புதியதை அளந்து, பூட்டி, பதிவு பார்த்து முடிக்கும்வரை பழையது உங்கள் ஷெட்டிலேயே இருக்கட்டும்.